வெறுந்தட்டாய்த் திரும்பாது

அன்புள்ள அக்காவுக்கு,

காரைதீவிலிருந்து எழுதுகிறேன். மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஏழு. பாடசாலை, ரியூசன், ஃபோன் என்று வீட்டுக்குள்ளேயே வளர்கிறார்கள். நாலு வீடு தள்ளி இருப்பவர்களின் பெயர்கூடத் தெரியாது. குடும்பமாகச் சேர்ந்து ஊருக்கு ஏதாவது நல்லது செய்ய ஆசை. கையில் பெரிய காசு இல்லை. பிள்ளைகளுக்கும் அது வேலையாகத் தெரியாமல் விளையாட்டாக இருக்க வேண்டும். எதிலிருந்து தொடங்கலாம்?

ஒரு தாய்

அன்புள்ள தங்கைக்கு,

அடுப்படியிலிருந்து தொடங்குங்கள். அடுத்த முறை பிட்டு அவிக்கும்போது ஒரு குழல் கூட அவியுங்கள். தட்டில் போட்டு மூடி, பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புங்கள். நீங்கள் கூடப் போக வேண்டாம். எங்கள் பக்கத்தில் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். இரண்டு முருங்கைக்காயாவது, ஒரு பிடி சீனியாவது அதில் வரும். என்ன வரும் என்று பிள்ளைகள் ஊகித்துக்கொண்டு இருக்கட்டும். அதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியவில்லை.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது எனக்கு ஒன்பது வயது. மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில், முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் எல்லையை ஒட்டி எங்கள் வீடு. விடிந்து பார்த்தால் கூரை இல்லை. வளவில் தென்னைகள் எல்லாம் படுத்துக் கிடந்தன. வேலிக்கு அப்பால் இருந்த முஸ்லிம் மூத்தம்மாவிடம் ஒரு ரின் அரிசிமா நனையாமல் மிஞ்சியிருந்தது. எங்களிடம் விழுந்த தேங்காய்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று பெரியவர்கள் சொல்வதை நான் கண்ணால் கண்டது அன்றுதான். வாழையிலையில் பொதிந்து வீடு வீடாகக் கொடுத்து வரும் வேலை எனக்குக் கிடைத்தது. காற்றின் இரைச்சலை மறந்துவிட்டேன். அந்த இலையின் சூடு இன்னும் கையில் இருக்கிறது.

பிறகு வந்த வருடங்களில் அந்த வேலி இரண்டு பக்கமும் உயர்ந்தது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். உங்களுக்கு வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர், இரண்டும் முஸ்லிம் ஊர்கள். தட்டு அங்கேயும் போகட்டும். தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப்பொங்கல் அனுப்பலாம். நோன்பு மாதம் என்றால் துறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் பழம் அனுப்பலாம். முதல் தடவை என்றால் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அப்புறம், ஆடிவேல் விழாவுக்குக் கதிர்காமம் நடப்பவர்கள் உங்கள் ஊரைக் கடந்துதானே திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று போய்க் காட்டுக்குள் இறங்குகிறார்கள். கச்சான் காற்று உடம்பை உலர்த்தும் காலம் அது. படலையில் ஒரு மேசை, ஒரு குடம் தேசிக்காய்த் தண்ணி, கால் கழுவ ஒரு வாளி. மகள் ஊற்றிக் கொடுக்கட்டும். மகன் ஒவ்வொருவரிடமும் "எந்த ஊர்?" என்று கேட்டுச் சுவரில் ஒட்டிய இலங்கைப் படத்தில் புள்ளி வைக்கட்டும். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து நடந்து வந்தவரைக் கண்டால் அவனே அன்று இரவு அந்தத் தூரத்தை அளந்து பார்ப்பான்.

ஒன்று மட்டும் வேண்டாம். கொடுப்பதைப் படம் எடுக்காதீர்கள். வாங்குகிறவர் முகம் சுருங்குவதைப் பிள்ளைகள் கவனிப்பார்கள்.

கொடுக்கப் பழக்குவது போலவே கேட்கவும் பழக்குங்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு ஆச்சி இருக்கிறார். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில். சாப்பாடு கொண்டுபோனால் "எதுக்கு மகள் இந்தக் கரைச்சல்" என்று கூசுவார். ஒரு நாள் பேத்தியை அனுப்பி, பனையோலையில் பெட்டி இழைக்கக் காட்டித் தரச் சொல்லிக் கேட்டேன். அன்றிலிருந்து ஆச்சிதான் காலையில் படலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். பேத்தி இழைத்த முதல் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். ஆச்சி அதில்தான் வெற்றிலை வைத்திருக்கிறார்.

மகன் முதல் நாள் வெட்கப்படுவான். நீளமாகப் பேசச் சொல்லிக் கொடுக்காதீர்கள். படலையில் நின்று, "மாமி, அம்மா குடுக்கச் சொன்னவ" என்றால் போதும். மிச்சத்தை மாமி பார்த்துக்கொள்வார். முதல் தட்டில் என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா