எட்டு வாரம் திரவ உணவு மட்டும்: இரவில் கொஞ்சம் சாப்பிட்டால் என்ன?

கேள்வி: எனக்கு வயது 15. குடலில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் கிரோன் நோய் என்று உறுதியானதும், எட்டு வாரத்துக்கு மருத்துவத் திரவ உணவைத் தவிர வேறெதையும் சாப்பிடக் கூடாது என்றார்கள். இப்போது மூன்றாவது வாரம். வயிற்றுவலி நின்றுவிட்டது; ஆனால் அந்தப் பானத்தின் வாசனையே குமட்டுகிறது. வலிதான் இல்லையே, இரவில் மட்டும் கொஞ்சம் சாப்பிடு என்கிறார்கள் வீட்டில். இதைவிடச் சுவையான, விலை குறைந்த புரோட்டீன் பவுடர் வாங்கித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். பெருங்குடல் புண் உள்ள என் அண்ணனும் இதையே குடிக்கலாமா என்று கேட்கிறான். நான் என்ன செய்வது?

பதில்: வலி நின்றது நல்ல செய்தி. உங்களைத் தடுமாற வைப்பதும் அதுதான். திரவ உணவு தொடங்கிய பத்துப் பதினைந்து நாட்களில் வலியும் பேதியும் தணிவது வழக்கம். குடலின் உட்சுவரில் உள்ள புண்கள் அந்த வேகத்தில் ஆறுவதில்லை. ஆறு முதல் எட்டு வாரம் என்று கணக்கு வைத்திருப்பது அந்தப் புண்களுக்காகவே தவிர, வலிக்காக அல்ல.

இரவில் மட்டும் சாப்பிடுவது சிறிய விட்டுக்கொடுத்தல் போலத் தோன்றும். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், கிரோன் நோய் அடங்காமல் இருந்த 50 பிள்ளைகளை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு முழுக்கத் திரவ உணவும், மற்ற குழுவுக்குத் தேவையில் பாதியைத் திரவமாகவும் மீதியை விருப்பம்போல வழக்கமான சாப்பாடாகவும் கொடுத்தார்கள். முழுக்கத் திரவத்தில் இருந்தவர்களில் 42 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியது. பாதிப் பாதியாக இருந்தவர்களில் 15 விழுக்காட்டினருக்குத்தான் அடங்கியது. இந்தச் சிகிச்சையில் பானம் உள்ளே போவது எவ்வளவு முக்கியமோ, மற்ற உணவு உள்ளே போகாமல் இருப்பதும் அவ்வளவு முக்கியம் என்பதை வீட்டாரிடம் எடுத்துச் சொல்லுங்கள். ஒருவேளை ஏற்கெனவே எதையாவது மறைவாகச் சாப்பிட்டிருந்தால், எல்லாம் பாழாகிவிட்டது என்று கைவிட வேண்டாம். அடுத்த வேளையிலிருந்து பானத்துக்குத் திரும்பிவிட்டு, அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நீங்கள் மறைத்தால், திரவ உணவு உங்களுக்குப் பலிக்கவில்லை என்று முடிவுகட்டி வேறு மருந்துக்குப் போய்விடுவார்கள்.

இனி அந்தப் பவுடர் விஷயம். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். தசை வளர்ப்பதற்காக விற்கப்படும் புரோட்டீன் பவுடர் முழு உணவு அன்று. நீங்கள் குடிப்பது மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், வைட்டமின்கள், தாது உப்புகள் அனைத்தும் அளவோடு சேர்த்து, வாரக்கணக்கில் அதை மட்டுமே நம்பி ஒருவர் வாழலாம் என்ற நோக்கில் தயாரிக்கப்பட்ட உணவு. புரோட்டீன் பவுடரை மட்டும் நம்பி எட்டு வாரம் இருந்தால், வளரும் வயதில் எலும்புக்கும் ரத்தத்துக்கும் வேண்டியவை கிடைக்காமல் போகும். குடலைச் சுத்தப்படுத்தும், குடலை ஆற்றும் என்ற பெயர்களில் வரும் மூலிகைப் பொடிகளும் அப்படியே. உங்களுக்குத் தெரிந்தவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு டப்பா விற்றால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

விற்பனைக்காரர்களின் இன்னொரு தந்திரம், முன்கூட்டியே செரிக்கப்பட்ட புரதம் கொண்ட விலை உயர்ந்த வகைதான் குடலுக்கு நல்லது என்று தள்ளிவிடுவது. கிரோன் நோயை அடக்குவதில், முழுப் புரதம் கொண்ட சாதாரண மருத்துவத் திரவ உணவும் அந்த விலை உயர்ந்த வகையும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன. வேறுபாடு சுவையில் இருக்கிறது; புரதத்தை உடைத்தால் கசப்பு வரும். வாசனை குமட்டுகிறது என்கிறீர்களே, நீங்கள் குடிப்பது எந்த வகை என்று உணவியல் நிபுணரிடம் கேளுங்கள். செரிக்கப்பட்ட வகை என்றால், முழுப் புரத வகைக்கு மாற முடியுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

உணவியல் நிபுணரையே நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம். பல மருத்துவமனைகளில் ஒரு சீட்டில் பானத்தின் பெயரை எழுதி, எட்டு வாரம் இதைக் குடி என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். இதே நோய்க்குத் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரை எழுத ஒரு நிமிடம் போதும். திரவ உணவை விளக்க ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை யாரும் ஒதுக்காததால், ஸ்டீராய்டுக்கு நிகராக நோயை அடக்கி, புண்ணை அதைவிட நன்றாக ஆற்றி, வளர்ச்சியையும் தடுக்காத ஒரு சிகிச்சை, பிள்ளையால் முடியவில்லை என்ற பெயரில் பாதியில் கைவிடப்படுகிறது. முடியாமல் போனது பிள்ளையால் அன்று.

குடிப்பதில் உள்ள நடைமுறைக்கு வருவோம். ஒரு மில்லிக்கு ஒரு கலோரி உள்ள பானமாக இருந்தால், உங்கள் வயதில் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்கு மேலும் தேவைப்படலாம். அதை மூன்று வேளையாகக் குடிக்க முயன்றால் எவருக்கும் குமட்டும். ஏழெட்டுப் பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு குடியுங்கள். நன்றாகக் குளிரவைத்து, மூடியுள்ள குவளையில் உறிஞ்சுகுழலால் குடித்தால் வாசனை மூக்குக்கு ஏறாது. ஒரே சுவையை நாள்தோறும் குடிக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். பனிக்கட்டியாக உறையவைத்துச் சப்புவதும் சிலருக்குப் பிடிக்கிறது. மெல்ல வேண்டும் என்ற ஏக்கம் பசியைவிடப் பெரிதாக இருக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மைச் சில மருத்துவர்கள் அனுமதிக்கிறார்கள், உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த பானம் வெளியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குளிர்பெட்டியில் வைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். உங்கள் மருத்துவப் பானத்தையே பவுடராக வாங்கிக் கலக்கிக் குடிப்பவராக இருந்தால், தீர்ந்துவிடாமல் இருக்கட்டும் என்று தண்ணீரைக் கூட்டாதீர்கள், எடை இறங்கும். சீக்கிரம் முடியட்டும் என்று கெட்டியாக்கவும் வேண்டாம், பேதியாகும். மலம் இளகியோ பச்சையாகவோ போனால் பயப்பட வேண்டியதில்லை.

வகுப்பு நேரத்தில் குடிக்க அனுமதி கேட்டு மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வரிக் கடிதத்துக்கு இரண்டு வாரம் அலையவிடும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இப்போதே கேட்டு வையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் குடிக்க வேண்டிய அளவு உள்ளே இறங்கவில்லை என்றால், மூக்கு வழியாக மெல்லிய குழாய் போட்டு, தூங்கும்போது பானத்தைச் செலுத்தும் வழி இருக்கிறது. பிள்ளைகளிடம் இதைத் தண்டனை போலச் சொல்லி மிரட்டுவது தவறு. சுவையோடு நாள் முழுவதும் போராடுவதைவிட இதுவே மேல் என்று தாங்களாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு.

உங்கள் அண்ணன் விஷயத்தில் தவறு நடந்துவிடக் கூடாது. திரவ உணவு மட்டும் என்ற இந்தச் சிகிச்சை கிரோன் நோய்க்கு உரியது. அவருக்கு இருப்பது, நீங்கள் பெருங்குடல் புண் என்று சொல்லும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றால், இது அந்த நோயை அடக்காது. இரண்டும் குடல் அழற்சி நோய்கள், இரண்டிலும் வலியும் பேதியும் ரத்தமும் வரலாம், சில மருந்துகளும் பொதுவானவை என்பதால், தம்பிக்குக் குணமானது அண்ணனுக்கும் ஆகும் என்று குடும்பங்கள் நினைத்துவிடுகின்றன. எடை குறைந்தவருக்கு ஊட்டத்துக்காக இதே பானத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தருவதுண்டு, அது வேறு. மருந்தை நிறுத்திவிட்டுப் பானத்தை மட்டும் நம்பினால், அவர் எட்டு வாரம் ரத்தம் இழந்துகொண்டிருப்பார். எந்த நோய் என்று அறிக்கையில் எழுதியிருப்பதைப் பார்த்து, அவருடைய மருத்துவரிடமே கேட்கச் சொல்லுங்கள்.

காய்ச்சல், வயிறு உப்பலோடு தொடர்ந்து வரும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் வலி, மலத்தில் புதிதாக ரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்புக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலி மாத்திரை என்று ஐபுப்ரோஃபென் வகையை நீங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டாம்; அது குடலைக் கிளறிவிடக்கூடும்.

எட்டாவது வாரம் முடிந்ததும் ஒரே நாளில் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட முடியாது. பானத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே உணவைச் சேர்ப்பார்கள்; அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அத்துடன், இந்த எட்டு வாரப் பானம் நோயை அடக்குகிறதே தவிர, அதை நிறுத்திய பிறகு அடங்கிய நோய் திரும்பாமல் காப்பதில்லை. அதற்கென்று அசதயோப்ரின், மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தோ ஊசி மருந்தோ பெரும்பாலும் தேவைப்படும். அது எது, எப்போது தொடங்கும் என்று அடுத்த முறை போகும்போதே கேளுங்கள். குடல் அழற்சியைக் காட்டும் புரதமான கால்ப்ரொடெக்டின் மலத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.