சுருட்டையா, தேமலா? வீட்டுத் தோட்டக் கேள்வி பதில்

திருச்சியில் மொட்டை மாடியில் பதினான்கு வருடமாகக் காய்கறி வளர்க்கிறேன். வேளாண்மை படித்தவள் இல்லை. செத்த செடிகளை எண்ணியே கற்றுக்கொண்டவள். செடி நோய் பற்றிக் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் இலையை மேலிருந்து படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதைப் பார்த்த பிறகு எழுதிய பதில்கள் இவை.

மதுரையிலிருந்து: அக்கா, எட்டு வெண்டைச் செடியில் மூன்றில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை மாதிரி தெரிகிறது. காயும் வெளிறிப்போய் வருகிறது. இரும்புச் சத்துக் குறை என்று நுண்ணூட்டம் கொடுத்தேன், கேட்கவில்லை. அந்தக் காயைச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். செடிக்கு வரும் வைரஸ் மனிதரை ஒன்றும் செய்யாது. நார் அதிகமாக இருக்கும், ருசி இருக்காது, அவ்வளவுதான்.

இரும்புச் சத்துக் குறைந்தால் நரம்பு பச்சையாக நிற்கும், நரம்புக்கு இடைப்பட்ட சதை மஞ்சளாகும். உங்கள் படத்தில் அப்படியே தலைகீழ்: நரம்பு மஞ்சள், நடுவில் பச்சை. இது மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். செடிக்குள் போய்விட்ட வைரஸை வெளியேற்ற மருந்தே கிடையாது. வேப்பெண்ணெய், பஞ்சகவ்யா, மீன் அமிலம் எதற்கும் அடங்காது. அந்த மூன்று செடிகளையும் பிடுங்கிவிடுங்கள். பூ விட்டிருக்கிறதே என்று பாவம் பார்த்தால் பாக்கி ஐந்தும் போகும். நான் ஒரு ஆடிப்பட்டம் முழுவதையும் அப்படித்தான் இழந்தேன்.

மிச்சச் செடிகளுக்குப் பக்கத்தில், வெள்ளை ஈ வந்து ஒட்டிக்கொள்ள, மஞ்சள் ஒட்டு அட்டை கட்டுங்கள். செடியின் உச்சி உயரத்தில் இருக்க வேண்டும், செடி வளர வளர அட்டையையும் ஏற்றுங்கள். தேமல் கண்ட செடியிலிருந்து விதை எடுக்காதீர்கள். அடுத்த தடவை அர்கா அனாமிகா, பர்பானி கிராந்தி போல இந்த நோயைத் தாங்குவதற்கென்றே வந்த ரகங்களைத் தேடுங்கள். ஆனால் அவையும் இப்போது சில இடங்களில் தேமல் வாங்குகின்றன. ரகத்தை நம்பி ஈயை விட்டுவிடக் கூடாது.

கோவையிலிருந்து: மேடம், மிளகாய்ச் செடி சுருட்டைக்கு இஞ்சி பூண்டு கரைசல், புளித்த மோர், வேப்பெண்ணெய் எல்லாம் மாற்றி மாற்றி அடித்துவிட்டேன். இரண்டு மாதமாக அப்படியே நிற்கிறது. என்னதான் செய்வது?

முதலில் அடிப்பதை இரண்டு வாரம் நிறுத்துங்கள். சுருட்டை என்று நாம் ஒரே பெயரில் சொல்வது மூன்று தனித்தனிச் சங்கதி.

இலை ஓரம் மேல்நோக்கி மடிந்து படகு போல இருந்தால் இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளைக் கொழுந்துக்குக் கீழே பிடித்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். பேனாவால் சின்னக் கோடு இழுத்த மாதிரி ஏதாவது விழுந்து, அந்தக் கோடு நகர்ந்தால் அதுதான்.

ஓரம் கீழ்நோக்கி மடிந்து கவிழ்த்த படகு போல இருந்தால் சிலந்திப்பேன். இலை குறுகி, காம்பு மட்டும் நீண்டு எலிவால் போலத் தொங்கும். பேன் கண்ணுக்குத் தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் அடிப்பக்கத்தில் பார்க்கலாம்.

இலை சிறுத்து, கொப்புளித்து, நரம்பு தடித்து, செடியே குட்டையாகப் புதர் போல நின்றால் வைரஸ். இதற்கும் வெண்டைக்குச் சொன்னதேதான், பிடுங்க வேண்டும்.

நீங்கள் அனுப்பியதில் இலை கீழ்நோக்கி மடிந்திருக்கிறது, அடிப்பக்கம் செம்பு நிறம் ஏறியிருக்கிறது. சிலந்திப்பேன். இதற்குக் கேட்பது கந்தகம். நீரில் நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலம், கொழுந்தின் அடிப்பக்கம் நனையும்படி. பத்து நாள் கழித்து இன்னொரு முறை. வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடித்தாலும் கருகும். எண்ணெயும் கந்தகமும் சேரவே கூடாது. நீங்கள் இரண்டு மாதமாக எண்ணெய் அடித்திருப்பதால்தான் பொறுக்கச் சொல்கிறேன்.

இன்னொன்று: சுருண்ட இலை திரும்ப விரியாது. மருந்து வேலை செய்ததா என்று பழைய இலையைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். புதிதாக வரும் கொழுந்து தட்டையாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் செடி பிழைத்தது. இதைக் கவனிக்காமல்தான் நாளுக்கொரு கரைசல் மாற்றுகிறோம்.

சென்னையிலிருந்து: தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்து அமுங்கி அழுகுகிறது. முட்டை ஓடு பொடித்துப் போட்டும் நிற்கவில்லை.

இது நோயே இல்லை. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. அதற்காக மண்ணில் இல்லை என்று அர்த்தம் இல்லை. அந்தச் சத்து தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் செடிப் பை நிரம்ப ஊற்றினால் காய்க்குப் போய்ச் சேராது.

நானும் ஒரு வருடம் முழுக்க முட்டை ஓடு இடித்தேன். மாமியார் கூட "எதற்கு இத்தனை ஆம்லெட்" என்று கேட்டார். கடைசியில் பார்த்தால், சனி ஞாயிறு நாங்கள் ஊருக்குப் போய்விட்டு வந்த வாரங்களில் பிடித்த காய்தான் கறுத்திருந்தது. முட்டை ஓடு மக்கவே மாதக்கணக்கில் ஆகும், அவசரத்துக்கு உதவாது. கோடையில் காலையும் மாலையும் பாதிப் பாதியாக ஊற்றுங்கள், மண்மேல் காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ பரப்புங்கள். கறுத்த காயைப் பறித்துப் போடுங்கள். அடுத்த கொத்து சரியாக வரும்.

சேலத்திலிருந்து: தை பிறந்ததிலிருந்து பூசணி இலை மேல் விபூதி தூவின மாதிரி இருக்கிறது. பால் தெளிக்கச் சொல்கிறார்கள். உண்மையா, வாட்ஸ்அப் வைத்தியமா?

உண்மை. 1999-இல் பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் என்ற ஆய்வாளர் பசுமைக்குடிலில், பூசணி இனத்தைச் சேர்ந்த ஸுகினிச் செடியில் சோதித்து எழுதியிருக்கிறார். பத்தில் ஒரு பங்கு பசும்பால் கலந்த தண்ணீர் சாம்பல் நோயை மருந்துக்கு இணையாகக் கட்டுப்படுத்தியது. ஒரு பங்கு பால், ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் ஒருமுறை, காலை வெயில் படும்போது. நோய் ஆரம்பத்தில்தான் கேட்கும். இலை முழுக்க வெளுத்துவிட்டால் அந்த இலையைக் கிள்ளிவிட்டு மற்றதற்குத் தெளியுங்கள். புளித்த மோரும் ஓரளவு கேட்கிறது. சாம்பல் நோய்க்குக் கந்தகமும் உண்டு, ஆனால் பூசணிக் குடும்பத்து இலை வெயிலில் கந்தகம் தாங்காது. நான் கொடுப்பதில்லை.

துடைத்தால் கையில் வெள்ளையாக ஒட்டினால்தான் இது. ஐப்பசி கார்த்திகை மழையில் பீர்க்கை, வெள்ளரி இலையில் நரம்புக்குள் அடங்கிய கட்டம் கட்டமான மஞ்சள் திட்டு வந்து, விடியற்காலையில் அடிப்பக்கம் சாம்பல் பூத்திருந்தால் அது அடிச்சாம்பல் நோய். பால் அதற்குப் போதாது. அடி இலைகளை எடுத்துவிட்டுக் காற்றோட்டம் கொடுங்கள், சாயங்காலம் இலைமேல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: கத்தரி விதை நன்றாக முளைத்தது. ஒரே ராத்திரியில் பாதி நாற்று சாய்ந்து கிடக்கிறது. எறும்பா?

எறும்பில்லை, நாற்றழுகல். சாய்ந்த நாற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், மண்ணை ஒட்டின இடத்தில் தண்டு நூலாக இளைத்திருக்கும். நெருக்கி விதைத்ததும் ஈரம் காயாததும்தான் காரணம். சாய்ந்தது எழாது. அதைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்துவிட்டுத் தட்டை வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள், மேல்மண் வெளுத்த பிறகுதான் தண்ணீர்.

அடுத்த தடவை விதையை ஆறிய அரிசிக் கஞ்சி ஒரு சொட்டு விட்டுப் பிசறி, டிரைக்கோடெர்மா விரிடி ஒரு சிட்டிகை சேர்த்து நிழலில் உலர்த்தி விதையுங்கள். பாக்கெட்டில் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். உள்ளே இருப்பது உயிருள்ள பூஞ்சை, கடையில் வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தால் வெறும் மாவுதான்.

ஓசூரிலிருந்து: தக்காளி பச்சையாகவே வாடிவிட்டது. தண்ணீர் ஊற்றினாலும் நிமிரவில்லை. மஞ்சள் கூட ஆகவில்லை.

மத்தியான வெயிலில் தொங்கிச் சாயங்காலம் நிமிர்ந்தால் கவலை வேண்டாம். நிமிரவே இல்லை என்றால் ஒரு சோதனை செய்யுங்கள். அடித்தண்டில் இரண்டு அங்குலம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டின முனை மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் ஊதுபத்திப் புகை போல வெள்ளை இழை கீழே இறங்கினால் பாக்டீரியா வாடல். முதல் தடவை பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இழை இறங்காமல், தண்டின் உள்பக்கம் பழுப்புக் கோடு இருந்தால் பூஞ்சை வாடலாக இருக்கலாம்.

எதுவானாலும் செடியை மீட்க முடியாது. இழை இறங்கினால் அந்தப் பை மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் வைக்காதீர்கள், மூன்றும் ஒரே குடும்பம். பக்கத்துப் பைக்குத் தண்ணீர் வழியவிடாதீர்கள், வெட்டின கத்தியைக் கழுவாமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள். சித்திரை வெயிலில் மண்ணை நனைத்து மெல்லிசாகப் பரப்பி, கண்ணாடி போன்ற பாலிதீன் போர்த்தி ஓரத்தை அழுத்தி ஆறு வாரம் விட்டால் கிருமி நன்றாகக் குறையும். கறுப்பு பாலிதீன் அவ்வளவு சூடேற்றாது. அப்புறமும் அங்கேதான் கத்தரி வேண்டும் என்றால், சுண்டைக்காய்ச் செடியின் மேல் ஒட்டுக்கட்டிய கத்தரிக் கன்று வாங்கி வையுங்கள். சுண்டை வேர் இந்த வாடலை நன்றாகத் தாங்கும்.

விழுப்புரத்திலிருந்து: கத்தரிச் செடி நல்ல தெம்பாகத்தான் இருக்கிறது, ஆனால் இலையெல்லாம் முருங்கை இலை அளவில் கொத்துக் கொத்தாக வருகிறது. பூவே இல்லை. உரம் போதவில்லையா?

உரம் கொடுத்தால் இன்னும் நிறையக் குட்டி இலை வரும். இது சிற்றிலை நோய். தத்துப்பூச்சி கொண்டுவரும் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் காரணம். நம் ஊருக்கும் இதற்கும் பழைய உறவு, 1939-லேயே கோவையில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பார்க்கத் தளதளவென்று இருப்பதால் யாருக்கும் பிடுங்க மனம் வராது. பிடுங்குங்கள். பக்கத்தில் நித்தியகல்யாணி இருந்து, அதிலும் இலை சிறுத்துப் பூ பச்சையாக வந்தால் அதையும்.

நாமக்கல்லிலிருந்து: வெண்டை வளரவே இல்லை என்று பிடுங்கினேன். வேரில் உருண்டை உருண்டையாக இருக்கிறது. தழைச்சத்து முடிச்சுதானே, நல்லதுதானே?

அவரை, தட்டை வேரில் இருந்தால் நல்லது. அந்த முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டி இருக்கும், நகத்தால் தள்ளினால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. வெண்டையில் அது வராது. உங்களுடையது வேரே வீங்கியது, உதிராது, பிய்த்தால் வேர்தான் அறும். மண்ணிலிருக்கும் நூற்புழு செய்த வேலை. நான் மேலே சொன்ன வெயில் வைத்தியம் இதற்கும் பொருந்தும். அதன் பிறகு அந்தப் பையில் ஒரு பருவம் துலுக்கச் சாமந்தி போடுங்கள். பூவும் கிடைக்கும், புழுவும் குறையும்.

காரைக்குடியிலிருந்து: எலுமிச்சை இலையில் அடுப்புக்கரி பூசின மாதிரி இருக்கிறது.

துடைத்துவிடுங்கள், அது கரும்பூஞ்சணம். செதில் பூச்சியோ அசுவினியோ விடும் இனிப்புத் திரவத்தின் மேல்தான் வளரும். எறும்பு ஏறும் வழியைப் பார்த்தால் பூச்சி எங்கே என்று தெரியும். பூச்சி போனால் கரியும் போகும்.

பெயர் வேண்டாம் என்றவர்: தக்காளி இலையில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி. கடையில் லேபிள் இல்லாத சின்னப் பொட்டலத்தில் ஒரு தூள் மடித்துக் கொடுத்து, "ஒரு ஸ்பூன் போடுங்க" என்றார்கள். போடலாமா?

போடாதீர்கள். மருந்தின் பெயரும், அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் தெரியாத ஒன்றை ரசத்தில் போகிற தக்காளிக்கு எப்படி அடிப்பது? உங்களுக்கு வந்திருப்பது இலைக்கருகல், அடி இலையிலிருந்து மேலே ஏறும். அடியில் ஓரடி உயரத்துக்கு இலைகளைக் கிள்ளுங்கள், மண் தெறிக்காமல் வேரில் மட்டும் தண்ணீர் விடுங்கள். என் மாடியில் பாதி வருடங்கள் இதோடே நின்றுவிடும். நிற்காவிட்டால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம், லேபிளோடு வாங்கி, அதில் போட்டிருக்கும் நாள் கணக்கைப் பார்த்துப் பறியுங்கள். தாமிரம் அடிக்கிற வாரத்தில், நோயைத் தடுக்க மண்ணில் விடும் சூடோமோனாஸ் கொடுக்காதீர்கள். அது நல்லது செய்யும் பாக்டீரியா, தாமிரத்தில் செத்துப்போகும்.

மறுபடி மதுரையிலிருந்து: அக்கா, பிடுங்கிவிட்டேன். மக்குத் தொட்டியில் போடலாமா?

தேமல் வந்த வெண்டையைப் போடலாம். நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள், செடி செத்தால் அந்த வைரஸுக்கும் வாழ்வில்லை. வாடல் வந்த தக்காளியும் முடிச்சு விழுந்த வேரும் மட்டும் மக்குத் தொட்டிக்கு ஆகாது, பையில் கட்டிக் குப்பைக்கு. அடுத்த தடவை பிடுங்கும்போது விடியற்காலையில் பிடுங்குங்கள். அப்போது வெள்ளை ஈ மந்தமாக இருக்கும். செடியின் மேல் ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்து, வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இழுங்கள். பகலில் உலுக்கிப் பிடுங்கினால் ஈ அத்தனையும் எழும்பிப் பக்கத்துச் செடியில் போய் உட்காரும்.