ஜூன் 12-ஐ நம்பி கடைமடையில் குறுவை போடலாமா?

கேள்வி: தலைஞாயிறு பக்கம் காவிரியின் கடைமடையில் (பாசன வாய்க்கால்கள் முடியும் கடைசிப் பகுதி) மூன்று ஏக்கர் நிலம். அப்பா காலத்தில் ஆனியில் ஆற்றுத் தண்ணீர் வந்துவிடும். இப்போது ஒரு வருஷம் சீக்கிரமே வருகிறது, ஒரு வருஷம் பயிர் கருகுகிறது, இன்னொரு வருஷம் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போகிறது. பருவநிலை மாற்றம்தான் காரணமா? இனி குறுவை (ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்) போடலாமா?

பதில்: நீங்கள் கவனித்தது சரிதான். 2022-ல் மேட்டூர் மே 24 அன்றே திறந்தது. 2023-ல் வழக்கமான தேதியான ஜூன் 12-ல் திறந்தும், ஆகஸ்டில் மழை பொய்த்து கடைமடைக் குறுவை கருகியது. 2024-ல் ஜூலை நடுவில் 50 அடிக்கும் கீழே கிடந்த அணை, குடகிலும் வயநாட்டிலும் கொட்டிய மழையால் ஜூலை 30-ல் முழு மட்டமான 120 அடியைத் தொட்டது. அப்புறம் லட்சம் கன அடிக்கு மேல் உபரியாகப் போனது. மேட்டூரின் கொள்ளளவே 93.47 டி.எம்.சி.தான் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). பல வாரம் பெய்ய வேண்டிய மழை சில நாளில் கொட்டினால் அதைப் பிடித்து வைக்க இடம் ஏது?

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் மழையில்லாத நாட்கள் நீள்கின்றன, பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. அப்படிக் கொட்டும் நீர் மலையில் ஊறி மெதுவாக ஆற்றுக்கு வருவதில்லை, வெள்ளமாக ஓடிவிடுகிறது. எல்லாவற்றையும் பருவநிலை மேல் போட மாட்டேன். மணல் அள்ளிப் பள்ளமான ஆறும், தூர்ந்த வாய்க்காலும், பங்கீட்டுச் சிக்கலும் சேர்ந்துதான் உங்களைப் படுத்துகின்றன. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 2018 தீர்ப்பின்படியே, கர்நாடக எல்லையில் நீரை அளக்கும் பில்லிகுண்டுலுவில் ஜூனில் வரவேண்டியது 9.19 டி.எம்.சி.தான். ஜூலைக்கு 31.24. ஆக, ஜூன் நடவு முழுக்க அணையில் இருக்கும் கையிருப்பை நம்பியது.

அதனால் தேதியைப் பார்க்காதீர்கள், மே கடைசியில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பாருங்கள். 90 அடிக்குக் கீழே இருந்தால் உங்கள் வயலில் குறுவை வேண்டாம். தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நாலு நாள் ஆகும், உங்களிடம் வர அதற்கு மேலும் ஆகும். ஜூலை நடுவுக்குப் பிறகு விதைத்த குறுவை, அறுக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்ளும். தண்ணீர் நிச்சயம் என்றால் ஏ.டி.டி. 43 மாதிரி 110 நாள் நெல் ரகம் போதும்.

இல்லாவிட்டால் ஒரே போகம், சம்பா. கோடை மழையில் புழுதி ஓட்டி வைத்து, ஆகஸ்டில் சி.ஆர். 1009 சப்-1 என்ற நீண்ட கால நெல் ரகத்தை நேரடி விதைப்பு செய்யுங்கள். நாற்றங்காலுக்குத் தண்ணீர் தேடி அலைய வேண்டாம். நவம்பர் வெள்ளத்தில் முழுகினாலும் சுமார் இரண்டு வாரம் இந்த ரகம் தாக்குப்பிடிக்கும். உங்கள் பகுதிக்கு இதுதான் என் முதல் சிபாரிசு. விதைப்பு செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போனால் 135 நாள் ரகத்துக்கு மாறுங்கள்.

முறை வைத்துத் தண்ணீர் விடும்போது காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டுங்கள். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, உள்ளே நீர் 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் வயல் காயக்கூடாது. ஆறு வறண்டதும் போர்வெல் தண்ணீரைப் பாய்ச்சிவிடலாம் என்று நினைத்தால், முதலில் அந்தத் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பு எவ்வளவு என்று பாருங்கள். கடலோரத்தில் உப்புநீர் உள்ளே ஏறியிருக்கலாம், அதைப் பாய்ச்சினால் அடுத்த சம்பாவும் சேர்ந்து கெடும்.