ஒலிப்பெட்டி: கேள்வி – பதில்

அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் ஐரா கிளாஸின் குரல் அப்படி ஒன்றும் கணீரென்று இல்லையே, எப்படி இத்தனை புகழ்?
– வாசகர், மதுரை

குரலை நம்பி வந்தவரில்லை. 1978-ல், 19 வயதில், வாஷிங்டனில் என்.பி.ஆர். பொது வானொலியில் பயிற்சியாளராக நுழைந்தவர். பிறகு டேப் வெட்டும் வேலை. யாரோ எடுத்த பேட்டியை ஓடவிட்டு, வேண்டாததை பிளேடால் வெட்டி ஒட்டுவது. எட்டாம் வருடத்தில் தான் தயாரித்த தொகுப்பு ஒன்றைப் பின்னாளில் அவரே போட்டுக் காட்டிக் கேலி செய்திருக்கிறார்: கண்ட சொல்லுக்கெல்லாம் அழுத்தம், விஷயம் எங்கே போகிறதென்றே பிடிபடாது! 1995 நவம்பரில் சிகாகோவின் டபிள்யூ.பி.இ.இசட். நிலையத்தில் சொந்த நிகழ்ச்சி தொடங்கினார். மறுவருடம் அதற்கு ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’ என்று பெயர் மாறியது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அந்தத் தொனி, வெட்டி ஒட்டிய கைக்கு வந்த தொனி.

பாட்காஸ்டுக்காக 40 நிமிடம் பேட்டி எடுத்தேன். எனக்கே தூக்கம் வருகிறது. எங்கே தப்பு?
– வாசகி, தஞ்சாவூர்

பெரும்பாலும் கேள்வியில். “அந்த அனுபவம் எப்படி இருந்தது?” என்றால் கருத்துதான் வரும். கிளாஸ் கேட்பது இரண்டே சரக்கு: ‘இது நடந்தது, அடுத்து இது’ என்று நகரும் சம்பவம், அதற்கு என்ன அர்த்தம் என்று ஓர் இடத்தில் நின்று யோசிப்பது. ஒரே ஒரு நாளைப் பிடியுங்கள். எத்தனை மணி, கதவைத் திறந்தது யார், அவர் வாயில் வந்த முதல் வார்த்தை என்ன? அதன் பின் “அப்போது என்ன நினைத்தீர்கள்?” என்று கேட்டுவிட்டு ஐந்து விநாடி வாயை மூடிக்கொள்ளுங்கள். நல்ல பதில் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும்; அவசரப்பட்டு “ஆமாம் ஆமாம்” போட்டால் அது பதிலின் மேலேயே பதிந்துவிடும், வெட்ட முடியாது.

மைக் வாயிலிருந்து நாலைந்து விரற்கடை தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மோதி ‘டொப்’பென்று அடிக்கும். பதிவுக் கருவியின் ஒலி அளவுகாட்டியில் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். உடைந்து பதிவான ஒலியைச் சீராக்குவது பெரும்பாடு. ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். (ஃபிரிட்ஜை மறுபடி போட மறக்காமலிருக்க, வீட்டுச் சாவியை அதற்குள் வைப்பது பழைய தந்திரம்.) முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையை மட்டும் பதியுங்கள். வெட்டிய இடைவெளியில் அதை நிரப்பாவிட்டால் பின்னணி சட்டென்று செத்துப்போகும், காது கண்டுபிடித்துவிடும். மூச்சுச் சத்தத்தின் நடுவே வெட்டாதீர்கள், திணறுவதுபோல் கேட்கும்.

கதைதானே, கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன?
– வாசகர், நாகர்கோவில்

2012 ஜனவரியில் சீனத் தொழிற்சாலை பற்றி ஒரு மேடைக் கலைஞர் சொன்னதை கிளாஸ் ஒலிபரப்பினார். அவருடைய மொழிபெயர்ப்பாளரைத் தொடர்புகொள்ள முடியாது என்ற பேச்சை நம்பி, விசாரிக்காமல் விட்டுவிட்டார்கள். இன்னொரு நிருபர் அந்த மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடித்ததும் பல சம்பவங்கள் பொய்யென்று தெரிந்தது. மார்ச்சில் நிகழ்ச்சி நேரம் முழுவதையும் மறுப்புக்கே ஒதுக்கி, தவறு தங்களுடையது என்றார் கிளாஸ்.

வானொலிக்காரர்களுக்கு பாட்காஸ்டில் எதிர்காலம் உண்டா?
– வாசகி, ஈரோடு

கிளாஸின் ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’ குழுவிலிருந்து 2014-ல் கிளம்பியதுதான் ‘சீரியல்’ என்ற பாட்காஸ்ட். 2020-ல் அதன் தயாரிப்பு நிறுவனத்தை நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. அதே வருடம் ஒலி இதழியலுக்கான முதல் புலிட்சர் பரிசு ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’ குழுவுக்கும் அதன் கூட்டாளி நிருபர்களுக்கும் போனது.