1960களின் சைக்கடெலிக் ராக் கச்சேரிகளில் மேடைக்குப் பின்னால் சூழல் எப்படி இருந்தது? எல்லோரும் போதையில்தான் இருந்தார்களா?

போதை இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் போதையின் மயக்கக் காட்சிகளை இசையாலும் ஒளியாலும் காட்ட முயன்ற அந்தக் கச்சேரிகளின் மேடைக்குப் பின்புறம் பெரும்பாலும் ஒரு பட்டறையைப் போலவே இயங்கியது. நாடகங்களுக்கு ஒளியமைப்புச் செய்வது என் தொழில் என்பதால், அக்காலத்து மேடைப் பணியாளர்களும் கலைஞர்களும் கூறியவற்றைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அவற்றில் வரும் அரங்குகளுள் என் மனத்துக்கு மிக நெருக்கமானது நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கம்.

1968 மார்ச் 8 அன்று திறக்கப்பட்டு 1971 ஜூன் 27 அன்று மூடப்பட்ட அந்த அரங்கம், இரண்டாவது அவென்யூவில் இருந்த ஒரு பழைய திரையரங்கு. அதை நடத்திய பில் கிரகாம் பெர்லினில் பிறந்தவர். நாஜிகளின் பிடியிலிருந்து சிறுவயதிலேயே தப்பி அமெரிக்கா சேர்ந்த யூதர். வார இறுதி இரவுகளில் எட்டு மணிக்கு ஒன்றும் பதினொன்றரைக்கு ஒன்றுமாக இரண்டு காட்சிகள் நடந்தன. ஒவ்வொரு காட்சியிலும் பெரும்பாலும் மூன்று குழுக்கள் வாசித்தன. ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறுவதற்குள் டிரம்ஸையும் ஆம்ப்ளிஃபையர்களையும் மாற்றியாக வேண்டும் என்பதற்காக, சக்கரம் வைத்த மேடைத் தட்டுகளில் அடுத்த குழுவின் கருவிகளை முன்கூட்டியே அடுக்கி, ஓரத்தில் தயாராக நிறுத்தி வைத்திருந்தார்கள். இதையெல்லாம் செய்தவர்களில் பலர், அருகிலிருந்த நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நாடகக் கலை பயின்ற மாணவர்கள். பயிற்சி பெற்ற இந்தக் கைகள் இல்லாமல் அந்த அரங்கம் அவ்வளவு பெயர் பெற்றிருக்காது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

பார்வையாளர்களை வேறோர் உலகத்துக்கு இட்டுச் சென்ற அந்த வண்ணங்களும் மேடைக்குப் பின்னால்தான் உருவாயின. சான் பிரான்சிஸ்கோ அரங்குகளில் ஒளிக்காட்சியைப் பார்வையாளர் பக்கத்திலிருந்தே திரையில் வீழ்த்துவார்கள். ஃபில்மோர் ஈஸ்டிலோ, நாடக ஒளியமைப்பு படித்த ஜோஷுவா வைட்டும் அவருடைய குழுவினரும் இசைக்குழுவுக்குப் பின்னால் தொங்கிய பெரிய திரைக்கு அப்பால், உயரமான தளங்களில் நின்று வேலை செய்தார்கள். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் அந்நாளில் பயன்பட்ட, கீழிருந்து ஒளி பாய்ச்சும் சாதாரண ஓவர்ஹெட் ப்ரொஜெக்டரின் மேல், கடிகார முகப்பிலிருந்து எடுத்த வளைவான பெரிய கண்ணாடி ஒன்றை வைத்து, அதில் சாயமிட்ட தண்ணீரையும் வேறு சாயமிட்ட எண்ணெயையும் ஊற்றுவார்கள். அதன் மேல் அதைவிடச் சிறிய கண்ணாடி ஒன்றை வைத்துத் தாளத்துக்கேற்ப அழுத்துவதும் தளர்த்துவதும் சுழற்றுவதுமாக இருப்பார்கள். ஒன்றோடொன்று கலக்காத இரு திரவங்களும் அந்த அழுத்தத்தில் பிரிந்தும் சேர்ந்தும் விரிவதுதான், முன்னால் அமர்ந்திருந்தவர்கள் கண்ட பொங்கும் நிறக்குழம்பு. வாசிக்கிறவர்களின் முகத்தைக் காணாமல், காதால் மட்டுமே தாளத்தைப் பிடித்துக்கொண்டு, பல ப்ரொஜெக்டர்களை ஒரே நேரத்தில் இயக்குவது எவ்வளவு ஒருமுகப்பட்ட உழைப்பு என்பது இத்தொழிலில் இருக்கும் எவருக்கும் புரியும். ஒருவர் கை தவறினாலும் திரை முழுவதிலும் தெரிந்துவிடும்.

கலைஞர்களுக்கும் அங்கே சலுகை இருக்கவில்லை. 1969 டிசம்பர் 31, 1970 ஜனவரி 1 ஆகிய இரு இரவுகளில் புகழ்பெற்ற கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அங்கு நான்கு காட்சிகள் வாசித்தார். முதல் காட்சி முடிந்து உள்ளே வந்தவர், எப்படி இருந்தது என்று கிரகாமிடம் கேட்டார். வித்தையெல்லாம் காட்டினீர்கள், வாசிக்கத்தான் மறந்துவிட்டீர்கள் என்ற பொருளில் கிரகாம் நேருக்கு நேர் சொல்லிவிட்டார். அடுத்த காட்சியில் ஹெண்ட்ரிக்ஸ் பெரிதாக அசையாமல் நின்று வாசித்ததைப் போன்ற வாசிப்பைத் தாம் கேட்டதேயில்லை என்று கிரகாம் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். கூட்டம் ஆர்ப்பரித்துக்கொண்டிருக்கும்போது அதன் நாயகனிடம் அப்படிச் சொல்வதற்குத் துணிவும் வேண்டும், இசையின் மீது மாறாத மரியாதையும் வேண்டும்.

இனி போதையைப் பற்றி. திறந்து வைத்த கோப்பையிலிருந்து எதையும் குடிக்கக்கூடாது என்பது அக்காலத்தில் விவரமறிந்தவர்கள் கடைப்பிடித்த எச்சரிக்கை. மாயத்தோற்றங்களை உண்டாக்கும் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளை எடுத்துக்கொள்ள கிரகாம் தொடர்ந்து மறுத்துவந்ததால், கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவினர் அவர் நடத்திய சான் பிரான்சிஸ்கோ அரங்கில் குளிர்பானக் கேன்களின் மேல்பகுதியில் அதைத் தடவி வைத்து, அவர் அறியாமலேயே கொடுத்துவிட்டார்கள். அவர் அன்று மேடையேறித் தாளம் தட்டியதைப் பலரும் வேடிக்கைக் கதையாகவே சொல்கிறார்கள். என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒருவருடைய சம்மதமின்றி அவருக்குப் போதைப்பொருள் கொடுப்பது தீங்கு, அதை எந்தக் காலத்தின் பெயராலும் மன்னிப்பதற்கில்லை.

1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் பெத்தேல் ஊரின் பால்பண்ணை நிலத்தில் நடந்த வூட்ஸ்டாக் இசை விழாவை அமைத்தவர்களிலும் சிலர் ஃபில்மோர் ஈஸ்ட்டிலிருந்து சென்றவர்களே. ஆனால் அங்கே நான்கு லட்சம் பேரும் மழையும் சேர்ந்து எல்லா ஒழுங்கையும் குலைத்துவிட்டன. சாலைகள் அடைபட்டதால் கலைஞர்களை ஹெலிகாப்டரில் கொண்டுவர வேண்டியிருந்தது. அடுத்து வாசிக்கவேண்டியவர்கள் வந்துசேராததால் முதலில் மேடையேறிய பாடகர் ரிச்சி ஹேவன்ஸ் பாடிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. அவருக்குப் பின் மேடையேறி ஆசியுரை வழங்கிய சுவாமி சச்சிதானந்தர் கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் பிறந்தவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. கருவிகளை விரைவாக மாற்றுவதற்காக அமைத்த சுழல் மேடை, கிரேட்ஃபுல் டெட் குழுவின் கருவிகளுடைய எடையைத் தாங்கவில்லை. ஈரத்தில் மைக்கைத் தொட்டவர்களுக்கு மின்னதிர்ச்சி வேறு.

அதே வூட்ஸ்டாக்கில் வாசித்த கிடார் கலைஞர் கார்லோஸ் சந்தானாவின் அனுபவமே உங்கள் கேள்விக்கு மிகச் சரியான விடை என்று கருதுகிறேன். தம் முறை வர நெடுநேரம் ஆகும் என்று கூறப்பட்டதால், கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஜெர்ரி கார்சியா கொடுத்த மெஸ்கலின் என்ற மாயத்தோற்றப் போதைப்பொருளை அவர் உட்கொண்டார். ஆனால் பிற்பகலிலேயே, இப்போது ஏறாவிட்டால் வாய்ப்பே இல்லை என்று அழைத்துவிட்டார்கள். கையிலிருந்த கிடார் பாம்பாக நெளிவதுபோலத் தோன்ற, சுருதியும் தாளமும் தவறாமல் காப்பாற்றும்படி இறைவனை வேண்டிக்கொண்டே வாசித்ததாக அவரே கூறியிருக்கிறார். அந்த நிகழ்ச்சியின் படப்பதிவு இருக்கிறது. கேட்பதோடு நிறுத்தாமல், அவர் முகம் கோணுவதையும் கிடாரை அவர் இறுகப் பற்றியிருப்பதையும் கவனித்துப் பாருங்கள்.