மேய்க்கால்ல குறுங்காடு: தீர்மானத்துக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம் சகோ. ஊராட்சி குறுங்காட்டுக்கு, அதாவது நெருக்கமா மரம் நட்டு வளர்க்கிற சின்னக் காட்டுக்கு, ஆடு மாடு மேயுறதுக்கான மேய்க்கால் புறம்போக்கைத் தேர்ந்தெடுத்திருக்கு, ஆடுங்க எங்கே போகும்னு கேட்டிருந்தீங்க. உங்க கவலை நியாயமானது.

2022-ல வந்த பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தோட இலக்கு, பசுமைப் பரப்பை 23.7-லிருந்து 33 சதவீதமாக்குறது. அப்படி இலக்கு வந்ததும் பட்டாத் தகராறு இல்லாத, சாலையோரப் புறம்போக்குதான் முதல்ல கண்ணுல படும். லாரித் தண்ணி விடலாம், வேலி போடுறதும் சுலபம். அங்கே யார் என்ன மேய்க்கிறாங்கன்னு எந்த வரைபடத்துலயும் இருக்காது.

முதல் வேலையா சர்வே எண்ணைப் போட்டு இணையத்துல 'அ' பதிவேட்டை (எந்த நிலம் என்ன வகைன்னு சொல்ற வருவாய்த்துறைப் பதிவை) எடுங்க. 'மேய்க்கால்'னு இருந்தா அந்தப் பக்கத்தை அச்செடுத்து வச்சுக்குங்க. அப்புறம் மழைக்குப் பிறகு நிலத்தைப் போய்ப் பாருங்க. எங்க ஊர்ல 'தரிசு'ன்னு எழுதின இடத்துல முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல், நல்ல தீவனப் புல், நின்னுச்சு. அதுல குழி வெட்டி மரக்கன்னு வச்சாங்க. இப்போ புல்லும் இல்லை, பாதிக் கன்னும் இல்லை. நினைச்சா இன்னமும் வயிறு எரியுது.

வெறுமனே வேண்டாம்னு சொல்லாதீங்க, மாற்று இடம் காட்டுங்க. சீமைக் கருவேலம் மண்டின மேட்டு நிலம், ஏற்கனவே இருக்கிற காப்புக்காட்டை ஒட்டின துண்டு நிலம் இருந்தா நல்லது. ஏரி உள்வாய், அதாவது தண்ணி நிக்கிற உள்பகுதி, மட்டும் வேண்டவே வேண்டாம். கரையில பனை வைக்கலாம்.

அடுத்த கிராம சபைக்கு ஆடு வச்சிருக்கிற பெண்களை அவசியம் கூட்டிட்டுப் போங்க. எழுத்துல மனு கொடுத்து, தீர்மான நகல் கேட்டு வாங்குங்க.