மாமா சொன்ன பணமும் மனைவியின் சங்கிலியும்

கேள்வி: எனக்கு 29 வயது. கோலாலம்பூர் செந்தூலில் குடியிருக்கிறோம். செகாம்புட்டில் ஒரு மோட்டார் பட்டறையில் ஆறு ஆண்டுகளாக மெக்கானிக்காக இருக்கிறேன். சம்பளம் 3,600 வெள்ளி. மனைவி பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை, அவருக்கு 2,100. நான்கு வயதில் ஒரு மகள். பதினேழு வயதிலிருந்து கப்சாய் எனும் சிறிய ரக மோட்டார்சைக்கிளில் பந்தயம் ஓட்டுகிறேன். சென்ற ஆண்டு எட்டுச் சுற்றுகள் (போட்டிகள்) ஓடினேன். சுற்றுக்கு 1,500 வெள்ளி தருவதாக என் தாய்மாமா சொல்லியிருக்கிறார். பணம் வரத் தாமதமானால் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, சம்பளம் வந்ததும் மீட்டுவிடுவேன். இப்போது புதிய என்ஜின் தேவைப்படுகிறது. இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபெல் கணக்கில் இருக்கும் 4,600 வெள்ளியை எடுக்கலாமா? ஒரு முகவர், மாதம் 250 வெள்ளியில் முதலீட்டோடு சேர்ந்த காப்புறுதி எடுக்கச் சொல்கிறார். மாமா தன் லாரிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். மறுத்தால் ஸ்பான்சர் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இன்னும் ஓராண்டு பொறுத்துக்கொள்வதாக மனைவி சொல்கிறார். – பெயர் வேண்டாம், செந்தூல்.

பதில்: தம்பி, இபிஎஃப் பணத்தை எடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும்.

கடிதத்தோடு ஐந்து அடகுச் சீட்டுகளைப் படமெடுத்து அனுப்பி, வட்டி சரியா என்று பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். வட்டி சரிதான். மாதம் 2 விழுக்காடு. சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு அது. ஆனால் சீட்டில் எடையும் எழுதியிருக்கிறது. முதல் இரண்டு சீட்டுகளில் சங்கிலி பதக்கத்தோடு 24.1 கிராம். மூன்றாவது சீட்டிலிருந்து வெறும் சங்கிலி, 20.9 கிராம். பதக்கத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அதை நீங்கள் தனியாக அடகு வைத்திருப்பீர்கள். இன்னும் மீட்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. மனைவிக்கு இது தெரியுமா?

சிக்கனம், பட்ஜெட் என்றெல்லாம் உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. நீங்கள் அனுப்பிய கணக்குத் தாளில் டயர், பெட்ரோல், வேன் வாடகை, உதவிக்கு வரும் இரண்டு பையன்களின் சாப்பாடு வரை எழுதியிருக்கிறீர்கள். செலவுப் பக்கம் சுத்தமாக இருக்கிறது. தவறு வரவுப் பக்கத்தில்.

ஒரு சுற்றுக்குச் சராசரி 1,900 வெள்ளி. எட்டுச் சுற்றுக்கு 15,200. என்ஜினை இரண்டு முறை பிரித்துப் பூட்டியதற்கு 5,000. மொத்தம் 20,200. வரவில் பரிசுப் பணம் 2,800, மாமா பணம் 12,000 என்று எழுதி, துண்டு விழுவது 5,400 என்று முடித்திருக்கிறீர்கள். மாதத்துக்கு 450. சமாளித்துவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையில் மாமா பெயரில் மூன்றே வரவுகள் இருக்கின்றன. 4,500 வெள்ளி. மீதி ஐந்து சுற்றுக்கான 7,500 வெள்ளி வரவே இல்லை. ஆக, உண்மையான துண்டு 12,900. மாதத்துக்கு 1,075.

மாமா தராத சுற்றுகள் ஐந்து. அடகுச் சீட்டுகளும் ஐந்து. தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றுகூடப் பிசகவில்லை.

"ஒரு மாதத்தில் மீட்டுவிடுகிறேன், வட்டி 40 வெள்ளிதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். 2,000 வெள்ளிக்கு 40 வெள்ளி வட்டி பெரிய பணமில்லை. மீட்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பிடித்தம் போக உங்கள் கைக்கு வருவது ஏறக்குறைய 3,170. அதில் 2,040 அன்றைக்கே அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. அந்த மாதம் அரிசி, பால், மின்சாரம், மகளின் காப்பகத்துக்குக் கொடுப்பது எல்லாம் கடன் அட்டையில் ஏறுகின்றன. சங்கிலி வீட்டுக்கு வந்துவிட்டதால் கடன் தீர்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது. உண்மையில் மாதம் 2 விழுக்காட்டுக் கடன் ஆண்டுக்கு 18 விழுக்காட்டு அட்டைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அட்டையில் இப்போது 9,400 வெள்ளி நிற்கிறது. வட்டி மட்டும் மாதம் 140 வெள்ளிக்கு மேல்.

இருவர் சம்பளமும் கைக்கு வருவது சுமார் 5,020. வாடகை, கார் தவணை, 700 வெள்ளி தனிநபர் கடன், பிள்ளைக் காப்பகம், மளிகை, உங்கள் அம்மாவுக்கு அனுப்பும் 300, மற்றவை சேர்த்து 4,850. மிச்சம் 170. அட்டைக்குக் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையே 470. பந்தயத்துக்கு ஒரு காசு ஒதுக்குவதற்கு முன்பே மாதம் 300 வெள்ளி பள்ளத்தில் இருக்கிறீர்கள். அந்தத் தனிநபர் கடனையும் 8 விழுக்காடு என்று எழுதியிருக்கிறீர்கள். முழு அசலுக்கும் ஐந்து ஆண்டு வட்டியைப் போட்டுப் பிரித்த கணக்கு அது. மாதாமாதம் அசல் குறைவதைச் சேர்த்துப் பார்த்தால் 14 விழுக்காட்டுக்கு வருகிறது. அது இன்னும் மூன்று ஆண்டு ஓடும். இப்போதைக்கு அதைத் தொட முடியாது.

ஆகவே நிறுத்த வேண்டிய பழக்கம் ஒன்றுதான்: மாமாவின் வாய்ச்சொல்லை வரவில் எழுதுவது. அடகு, அட்டை, இப்போது இபிஎஃப், எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

ஐரோப்பாவின் ஸ்பீட்வே வீரர்களும் தங்கள் என்ஜினைத் தாங்களேதான் வாங்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உண்மை. பிரேக் இல்லாத 500 சிசி மோட்டாரில் நான்கு பேர் திடலை நான்கு முறை சுற்றி ஓடுகிறார்கள். முதலிடத்துக்கு 3 புள்ளி, அடுத்ததுக்கு 2, மூன்றாவதுக்கு 1, கடைசிக்கு ஒன்றுமில்லை. போலந்திலும் சுவீடனிலும் பிரிட்டனிலும் அந்தப் புள்ளிக்குத்தான் பணம். ஆனால் புள்ளிக்கு எவ்வளவு என்பது கிளப்போடு எழுதிய ஒப்பந்தத்தில் இருக்கிறது. உங்களிடம் அப்படி ஒரு தாள் இல்லை. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது மாமா சொன்ன சொல்தான் இருக்கிறது.

இப்போது அந்த ஜாமீன். வேண்டாம். இதில் நான் இறங்கி வர மாட்டேன். நண்பரின் படிப்புக் கடனுக்கோ, அண்ணனின் சொந்த வீட்டுக்கோ, சொந்த உபயோகக் காருக்கோ பயன் எதிர்பாராமல் கையெழுத்துப் போட்டவரைச் சமூகப் பிணையாளர் என்று கருதி, அவரைத் திவாலாக்க முடியாதபடி 2017-இல் திவால் சட்டம் திருத்தப்பட்டது. வியாபாரத்துக்கு ஓடும் லாரிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கடன் 120,000 வெள்ளி. திவால் நடவடிக்கைக்கான வரம்பு 100,000. மாமா தவணை தவறினால் கடிதம் செந்தூலுக்கு வரும். ஓராண்டில் உங்களுக்கு 4,500 வெள்ளி தந்தவருக்காக 120,000 வெள்ளியைத் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

தாய்மாமாவிடம் மறுப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்குக் காது குத்தியபோது அவர் மடியில்தான் வைத்துக் குத்தியிருப்பார்கள். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. லாரித் தொழிலில் அவருக்கும் பணம் முடங்கியிருக்கலாம். சண்டை போடாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள்: "மாமா, உங்கள் கம்பெனி ஸ்டிக்கரை அடுத்த ஆண்டும் ஒட்டுகிறேன். சுற்றுக்கு இரண்டு வாரம் முன்னால் பணம் கணக்கில் இருந்தால் அந்தச் சுற்றில் ஓட்டுகிறேன். இல்லாவிட்டால் ஓட்டவில்லை. ஜாமீன் மட்டும் என்னால் முடியாது." இதற்கு மேல் விளக்கம் சொல்லத் தொடங்கினால் அவர் பேச்சில் நீங்கள் கரைந்துவிடுவீர்கள்.

பந்தயத்தை விடச் சொல்வேன் என்று பயந்துகொண்டே எழுதியிருக்கிறீர்கள். சொல்லப் போவதில்லை. பன்னிரண்டு ஆண்டு ஓட்டியவனிடம் "விட்டுவிடு" என்றால் வாயால் விடுவான், பிறகு மறைந்து போய் ஓட்டுவான். ஆனால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டுக் கப்சாய் பந்தயத் தொடரான கப் பிரிக்ஸில் ஓட்டி வளர்ந்த ஹாஃபிஸ் ஷாரின்தான், உலகின் உச்ச மோட்டார் பந்தயமான மோட்டோஜிபிக்குப் போன முதல் மலேசியர். 2018-இல் அந்தப் பருவம் தொடங்கியபோது அவருக்கு வயது 23. உங்களுக்கு 29. சிப்பாங் பந்தயத் திடலிலிருந்து உலகத்துக்குப் போகும் கதவு உங்களுக்கு ஏறக்குறைய மூடிவிட்டது. உள்ளூரில் நன்றாக ஓட்டும் வீரர் என்ற இடம் இன்னும் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் ஓரமாக ஒரு வரி வருகிறது: இளைய வீரர்கள் மூன்று பேர் என்ஜின் செட்டிங்குக்கு உங்களிடம் வருகிறார்கள், "தெரிந்த பையன்கள், காசு வாங்குவதில்லை." என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அது. அந்தப் பையன்களின் அப்பாக்கள் டயருக்குக் காசு கொடுக்கிறார்கள், பெட்ரோலுக்குக் கொடுக்கிறார்கள். உங்கள் இரண்டு ராத்திரி உழைப்புக்கு மட்டும் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஒரு என்ஜினுக்கு 250 வெள்ளி கேளுங்கள். மூன்று பேருக்கும் ஆண்டில் நான்கு முறை என்றால் 3,000 வெள்ளி, மாதம் 250. வேலை செய்யும் பட்டறையின் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; அவருடைய கருவிகளில் ராத்திரி வேலை செய்து, பிறகு அது மனக்கசப்பாகக் கூடாது. நாற்பது வயதிலும் உங்களைப் பந்தயத் திடலில் நிற்க வைக்கப் போவது இந்த வேலைதான்.

பழைய மோட்டாருக்கு 8,500 வெள்ளி தர ஆள் இருப்பதாகச் சொல்கிறீர்கள். இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். அட்டைக் கடனில் பெரும்பகுதி தீரும், மீதியை மூன்று மாதத்தில் கட்டலாம். அட்டைத் தவணை நின்றதும் கையில் 170, என்ஜின் வேலையில் 250, ஆக 420 வெள்ளி. அருகிலேயே நடக்கும் சுற்றுக்கு ஹோட்டல் இல்லாமல் 1,300 ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு சுற்று 2,600, என்ஜினை ஒரு முறை பிரித்துப் பூட்ட 2,500, மொத்தம் 5,100. மாதத்துக்கு 425. ஏறக்குறைய சரியாக நிற்கிறது. ஆகவே அடுத்த ஆண்டு இரண்டு சுற்று உறுதி. பரிசுப் பணம் கைக்கு வந்தாலோ மாமாவின் பணம் கணக்கில் ஏறினாலோ மூன்றாவது சுற்று. புதிய என்ஜின் இந்தக் கணக்கில் இல்லை. எட்டிலிருந்து இரண்டு என்பது வலிக்கும். ஆனால் அந்த இரண்டையும் சங்கிலி வீட்டில் இருக்க நீங்கள் ஓட்டுவீர்கள்.

ஒருவேளை மோட்டார் விற்பனை தவறி, வங்கி நெருக்கினால் கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே அலுவலகத்துக்குப் போங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா அதை 2006-இல் தொடங்கியது. ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. வட்டி முதலைகளின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

இபிஎஃப்புக்கு வருகிறேன். 4,600 வெள்ளியை என்ஜினில் போட்டால் ஒரு பருவத்தில் தேய்ந்துவிடும். மோட்டார் ஓட்டுகிறவனுக்கு முதலில் உடைவது காறை எலும்பு. ஆறேழு வாரம் பட்டறையில் ஸ்பேனர் தூக்க முடியாது. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு கிடைக்கும் நோய் விடுப்பு ஆண்டுக்கு 22 நாள். அதற்கு அப்பால் உங்கள் வீட்டு வாடகைக்கு இருக்கும் ஒரே பணம் அந்த 4,600 வெள்ளிதான். 2024-இல் இபிஎஃப் 6.30 விழுக்காடு இலாப ஈவும் கொடுத்தது. அங்கேயே இருக்கட்டும்.

அந்த முகவரின் திட்டம் இப்போது எல்லோர் கையிலும் திணிக்கப்படுகிறது. மாதம் 170 மிச்சமாகும் வீட்டில் 250 வெள்ளித் திட்டத்தை விற்க வருகிறவர் உங்கள் கணக்குத் தாளைக் கேட்டுப் பார்க்கவில்லை என்றுதான் பொருள். அதைவிட முக்கியம், விபத்துக் காப்புறுதிகளின் விலக்குப் பட்டியலில் ஓட்டப்பந்தயம் தவிர மற்றப் பந்தயங்கள் அனைத்தும் வழக்கமாக இடம்பெறும். பயிற்சி ஓட்டமும் அதில் அடங்கலாம். நீங்கள் விழக்கூடிய ஒரே இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்துக்கும் காப்புறுதி வாங்கி என்ன பயன்? "நான் மோட்டார் பந்தயம் ஓட்டுகிறேன், திடலில் அடிபட்டால் பணம் கிடைக்குமா?" என்று எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். முதலீடு கலக்காத சாதாரண ஆயுள் காப்புறுதியைப் பந்தயத்தை மறைக்காமல் சொல்லி வாங்குங்கள். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

கடைசியாக, பதக்கம். இன்னும் ஓராண்டு பொறுத்துக்கொள்வதாகச் சொன்ன பெண்ணிடம் இதை மறைத்து வைக்காதீர்கள். அவர் எதைப் பொறுத்துக்கொள்கிறார் என்பதே அவருக்கு முழுதாகத் தெரியாது. மகள் தூங்கிய பிறகு சீட்டுகளை எல்லாம் மேசையில் வைத்துச் சொல்லுங்கள். அதற்கு முன் பதக்கத்தின் சீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஆறு மாதம் தாண்டியிருக்காவிட்டால் இன்னும் மீட்கலாம். மோட்டார் விற்ற பணத்தில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும், அட்டைக்கு அதற்குப் பிறகு கட்டுங்கள். தாண்டியிருந்தாலும் நாளைக் காலை கடை திறந்ததும் போய்க் கேளுங்கள். ஏலம் இன்னும் நடக்காமல் இருக்கலாம்.